புதுச்சேரியை ஆள்வது யார்?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போயிருந்தால் இதைக் கவனித்திருப்பீர்கள். வளவனூர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மதகடிப்பட்டு வரும். அது புதுச்சேரி. எல்லைப் பலகையைத் தவறவிட்டாலும் சாலையோர மதுக்கடைகள் சொல்லிவிடும். திருபுவனை வரை புதுச்சேரிதான். அடுத்து கண்டமங்கலம், அது மறுபடி தமிழ்நாடு. அதைத் தாண்டினால் அரியூர், திரும்பவும் புதுச்சேரி. கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணிச் சட்டைப்பையில் போடுவதற்குள் இரண்டு அரசாங்கங்களுக்குள் புகுந்து வெளியே வந்துவிடலாம்.

இதாவது பக்கத்துப் பக்கத்து ஊர்கள். காரைக்கால் அங்கிருந்து தெற்கே சுமார் 130 கிலோமீட்டர், காவிரிக் கழிமுகத்தில். மாஹே மேற்குக் கடலோரம், கண்ணூருக்கும் கோழிக்கோட்டுக்கும் நடுவே. ஏனாம் ஆந்திராவில், காக்கிநாடாவுக்குப் பக்கத்தில், கோதாவரிக் கரையில். தமிழ், மலையாளம், தெலுங்கு என்று மூன்று மொழி பேசும் இந்த நான்கும் சேர்ந்து ஒரே ஆட்சிப் பகுதி. வண்டி எண்ணில்கூட வரிசை உண்டு: பிஒய்-01 புதுச்சேரி, 02 காரைக்கால், 03 மாஹே, 04 ஏனாம். எல்லாம் சேர்த்தாலும் 500 சதுர கிலோமீட்டர் தேறாது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 12,47,953.

வரைபடமே இப்படி என்றால் ஆட்சிமுறை அதைவிட விசித்திரம். சட்டப்பேரவை இருக்கிறது, முதலமைச்சர் இருக்கிறார், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் அமளிதுமளிப்படுகிறது. ஆனால் புதுச்சேரி மாநிலம் கிடையாது, யூனியன் பிரதேசம். அமைச்சரவை எடுத்த முடிவைத் துணைநிலை ஆளுநர் ஏற்காமல் டெல்லிக்கு அனுப்பலாம். பட்ஜெட்டுக்கே டெல்லியின் முன் ஒப்புதல் வேண்டும். ‘அப்படியானால் ஊரை ஆள்வது யார்?’ என்று கேட்டால், சட்டம் படித்தவர்களே ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். பதில் புரிய வேண்டுமானால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஓட்டு இங்கே, முடிவு வேறெங்கோ என்கிற ஏற்பாடு அவர்கள் காலத்திலேயே இந்த ஊருக்குப் பழக்கமாகிவிட்டது.

கைமாறிக் கைமாறி வந்த ஊர்

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1664-ல். பத்து வருடம் கழித்து, பீஜப்பூர் சுல்தானின் அதிகாரி ஷேர் கான் லோடி கொடுத்த இடத்தில் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அப்புறம் 1720களில் மாஹேயும் ஏனாமும், 1739-ல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து காரைக்காலும் வந்து சேர்ந்தன. வங்காளத்தில் சந்திரநாகூர் ஏற்கெனவே கையில் இருந்தது.

1742-ல் கவர்னராக வந்த துய்ப்ளே காலத்தில் தென்னிந்தியாவே பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய்விடுமோ என்ற நிலை. அந்தக் காலத்து அரசியலை உள்ளிருந்தே பார்க்க வேண்டுமானால் துய்ப்ளேயின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டலாம். நவாப் பதவிக்கான பேரம், சரக்கு விலை, யார் யாருக்கு எவ்வளவு நஜர் (காணிக்கை) கொடுத்தார்கள் என்பது முதற்கொண்டு எழுதிவைத்திருக்கிறார். ஆனால் துய்ப்ளேயின் கனவு நிலைக்கவில்லை. 1761-ல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் அந்த மஞ்சள் சுவர் வீடுகளெல்லாம் அதற்குப் பின்னால் எழுந்தவை.

ஐரோப்பாவில் சண்டை வந்தால் இங்கே ஊர் போகும், அங்கே சமாதானம் ஆனால் ஊர் திரும்பும். இப்படி மூன்று நான்கு முறை நடந்து, நெப்போலியன் வீழ்ந்த பிறகு 1816-ல் கடைசியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நிபந்தனையோடு: கோட்டை கட்டக் கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக் கூடாது. அதாவது பல்லைப் பிடுங்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். கையில் கிடைத்ததும் ஒரே நிலப்பரப்பாக இல்லை. நவாபுகளிடமும் ராஜாக்களிடமும் வெவ்வேறு காலத்தில் வாங்கிய கிராமங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பி வந்தன. மதகடிப்பட்டுக்கும் அரியூருக்கும் நடுவே கண்டமங்கலம் வந்து உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

பாரிஸுக்கு ஓட்டுப் போட்டவர்கள்

பிரிட்டிஷ் இந்தியாவில் சாதாரண மனிதனுக்கு வாக்குரிமை என்ற பேச்சே இல்லாத காலத்தில், பிரெஞ்சிந்தியாவில் வயது வந்த ஆண்கள் ஓட்டுப் போட்டார்கள். 1848 புரட்சியை ஒட்டி முதலில் வந்து, நடுவில் பறிபோய், 1871-லிருந்து நிலைத்த உரிமை அது. பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு இங்கிருந்து ஒரு பிரதிநிதி போவார். 1879-ல் பொது மன்றம் என்று ஒன்று வந்தது. 1880-ல் ஊர்களைக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் மேயரும் வைத்தார்கள். பிற்பாடு கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆனது: புதுச்சேரியில் 8, காரைக்காலில் 6, மாஹே, ஏனாம், சந்திரநாகூருக்கு ஒவ்வொன்று. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நெட்டப்பாக்கத்துக்கும் அந்தக் காலத்திலேயே மேயர் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. வாக்காளர்களைத் தனித்தனிப் பட்டியல்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஐரோப்பியருக்கு ஒரு பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். விரல்விட்டு எண்ணக்கூடிய ஐரோப்பியர்களின் பட்டியலுக்கும், ஊர் முழுக்க இருந்த இந்தியர்களின் பட்டியலுக்கும் மன்றத்தில் கிடைத்த இடங்கள் ஆள்கணக்குக்குத் துளியும் பொருந்தாதவை. பாரிஸுக்குப் போன பிரதிநிதிகளும் பெரும்பாலும் அங்கேயே இருந்த பிரெஞ்சுக்காரர்கள்தான். எல்லாவற்றுக்கும் மேலே கவர்னர். அவரை அனுப்புவது பாரிஸ், திருப்பி அழைப்பதும் பாரிஸ்.

இந்தக் காலத்துக் கதைகளில் எனக்குப் பிடித்தது பொன்னுத்தம்பிப் பிள்ளையின் செருப்புக் கதை. அவர் ஒரு வழக்கறிஞர். 1873-ல் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். ‘இந்தியன் காலணியோடு உள்ளே வரக் கூடாது’ என்று தடுத்தார்கள். அவர் விடவில்லை. பாரிஸிலிருந்த உச்ச நீதிமன்றம் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். பிரெஞ்சுச் சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால், அதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுங்கள் என்பதுதான் அவர் வாதம்.

1881-ல் ஓர் ஆணை வந்தது. சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து, குடும்ப விஷயங்களிலும் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக்கொடுத்தால் ஒருவர் முழுப் பிரெஞ்சுக் குடிமகனாகலாம். இப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்பார்கள். பொன்னுத்தம்பிப் பிள்ளை முன்வரிசையில் நின்று துறந்தார். துறப்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வைத்துக்கொண்ட பெயர் லபோர்த். பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். புதுச்சேரிக் கல்யாணப் பத்திரிகைகளில் அசல் தமிழ் முகங்களுக்குப் பிரெஞ்சுக் குடும்பப் பெயர் இருப்பதைப் பார்த்து வியந்திருப்பீர்கள். அதில் பலவற்றின் பின்னணி இதுதான்.

சாதி இந்துத் தலைவர்களுக்கு இந்தத் துறத்தல் பிடிக்கவில்லை. ரெனோன்சான்கள் ஓட்டுக்கணக்கில் பலம் பெறுவதைத் தடுக்க ஐரோப்பியர்களோடு கூட்டுச் சேர்ந்தார் சண்முக வேலாயுத முதலியார். பல வருடங்கள் பிரெஞ்சிந்திய அரசியலை அவர்தான் ஆட்டிவைத்தார். தேர்தல் என்றால் அடிதடியும் கள்ள ஓட்டும் சகஜம். நகராட்சி அலுவலகத்தை இங்கே ‘மேரி’ என்பார்கள். மேரி யார் கையிலோ, வாக்குப்பெட்டியும் அவர் கையில்.

இவ்வளவு குறை இருந்தும், பிரிட்டிஷ்காரர்களின் வாரண்டு செல்லாத ஊர் என்பதே பலருக்குப் பெரிய நிழல். பாரதி 1908-ல் வந்து பத்து வருடம் இருந்தார். வ.வே.சு. ஐயர் வந்தார். 1910-ல் அரவிந்தர் வந்தார், போகவே இல்லை.

எட்டு வருடம் எடுத்த விடைபெறல்

உள்ளூர் மக்களின் போராட்டம் வேகம் பிடித்தது ஆலைகளில். 1936 ஜூலை 30-ல் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவர் வ. சுப்பையா பின்னாளில் விடுதலை இயக்கத்துக்கும் தலைமை தாங்கியவர்களில் ஒருவர். எட்டு மணி நேர வேலை என்பது அந்த உயிர்களுக்குப் பிறகு கிடைத்தது.

1947-ல் பிரிட்டிஷ்காரர்கள் போய்விட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் போகவில்லை. மக்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்வோம் என்று 1948-ல் இரண்டு நாடுகளும் ஒப்புக்கொண்டன. 1949 ஜூன் 19-ல் சந்திரநாகூரில் வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு சேர 7,473 பேர், பிரான்சோடு இருக்க 114 பேர். அதைப் பார்த்த பிரான்சுக்கு மற்ற இடங்களில் வாக்கெடுப்பு நடத்தும் ஆசையே போய்விட்டது. நடத்தினால் நேர்மையாக நடக்காது என்ற சந்தேகம் இந்தியாவுக்கும் இருந்தது. சந்திரநாகூர் தனியே போய் மேற்கு வங்காளத்தில் கலந்தது.

இங்கே எதுவார் குபேரைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் இந்தியர். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர், பாரிஸ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர், பிரான்சு இங்கே தங்கியிருக்கப் பெரிய தூண். அதே குபேர் 1954 மார்ச்சில் அணி மாறினார். பிரெஞ்சு நிர்வாகத்தோடு அவருக்கு முட்டிக்கொண்டதும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிந்துவிட்டதும் காரணங்கள். கொம்யூன்களின் மேயர்கள் இணைப்புக்குத் தீர்மானம் போட, நெட்டப்பாக்கம் பக்கம் இந்தியக் கொடி ஏறியது. ஜூன் 13-ல் ஏனாம், ஜூலை 16-ல் மாஹே பிரெஞ்சு நிர்வாகத்தை விட்டு வெளியேறின. அந்த மே மாதம்தான் வியட்நாமில் தியன் பியன் பூவில் பிரான்சு தோற்றிருந்தது. இந்த மூலையில் பிடிவாதம் பிடிக்க அவர்களுக்கும் தெம்பு இல்லை.

1954 அக்டோபர் 18. வில்லியனூர் பக்கத்தில் கீழூர் என்ற சின்ன கிராமம். அங்கே கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். மூன்று நாளில் டெல்லியில் ஒப்பந்தம், நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1-ல்தான் அல்ஜீரியாவில் பிரான்சுக்கு எதிரான போர் வெடித்தது. இந்தத் தற்செயல் புதுச்சேரியின் தலையெழுத்தில் நன்றாகவே விளையாடியது. சட்டப்படியான ஒப்படைப்பு உடன்படிக்கை 1956-ல் கையெழுத்தானாலும், ஒரு காலனியைக் கொடுத்தால் அல்ஜீரியாவுக்கு முன்மாதிரியாகிவிடும் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை அங்கீகரிக்காமல் இழுத்தடித்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது, அதே மாதம் இதற்கும் ஒப்புதல் கிடைத்தது. 1962 ஆகஸ்ட் 16-ல்தான் ஏடுகளின்படியும் புதுச்சேரி இந்தியா. நவம்பர் 1 விடுதலை நாள், ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள் என்று இந்த ஊருக்கு ஏன் இரண்டு நாள் என்றால், இதனால்தான்.

உடன்படிக்கையில் மூன்று விஷயங்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, இந்தப் பகுதியின் தனி நிர்வாக அந்தஸ்தை மக்களின் விருப்பத்தை அறியாமல் மாற்றக் கூடாது. இரண்டு, மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாகத் தொடரும். மூன்று, இங்கே பிறந்த பிரெஞ்சுக் குடிமக்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுத்து அந்தக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம். சில ஆயிரம் பேர் அப்படிச் செய்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள் இன்றும் இருப்பது அந்த வழியில்தான்.

எந்திரம் எப்படி ஓடுகிறது

இப்போது இன்றைய ஆட்சிமுறைக்கு வரலாம். 1962-ல் அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரியை யூனியன் பிரதேசமாக்கியது. கூடவே 239ஏ என்ற பிரிவையும் சேர்த்தது. அது சொல்வது இவ்வளவுதான்: சில யூனியன் பிரதேசங்களுக்கு நாடாளுமன்றம் விரும்பினால் சட்டம் போட்டுச் சட்டப்பேரவையை உருவாக்கலாம். அப்படிப் போட்ட சட்டம்தான் 1963-ன் யூனியன் பிரதேசங்கள் ஆட்சிச் சட்டம். அந்த வருடம் ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. முதல் முதலமைச்சர் யார் தெரியுமா? அதே குபேர்.

இதில் கவனிக்க வேண்டியது, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நேரடியாக அரசியலமைப்பின் பிள்ளை. புதுச்சேரிச் சட்டமன்றம் நாடாளுமன்றம் போட்ட ஒரு சாதாரணச் சட்டத்தின் பிள்ளை. கொடுத்தவர்களே சட்டத்தைத் திருத்தலாம். இன்னொரு வேடிக்கை, அப்போது இதே 239ஏ பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இமாசலப் பிரதேசம், மணிப்பூர், திரிபுரா, கோவா. ஒவ்வொருவராக மாநிலமாகி எழுந்து போய்விட்டார்கள், கடைசியாகக் கோவா 1987-ல். புதுச்சேரி மட்டும் இன்னும் அதே பெஞ்சில்.

சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். புதுச்சேரிக்கு 23, காரைக்காலுக்கு 5, மாஹேக்கும் ஏனாமுக்கும் ஒவ்வொன்று. இது போக மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் இரண்டிலும் சட்டம் இயற்றலாம், ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதினால் நாடாளுமன்றச் சட்டமே நிற்கும். உயர் நீதிமன்றம் சென்னையில் இருப்பதுதான். உயர் அதிகாரிகள் வருவது பல யூனியன் பிரதேசங்களுக்கும் சில சிறு மாநிலங்களுக்கும் பொதுவான ஐ.ஏ.எஸ். பிரிவிலிருந்து. இன்று புதுச்சேரி, நாளை டெல்லி, அடுத்து அருணாசலம்.

அடுத்து துணைநிலை ஆளுநர். பிரெஞ்சு கவர்னரின் மாளிகையே பின்னால் அவருடைய மாளிகையும் ஆனது. பெயர் மட்டும் ராஜ் நிவாஸ் என்று மாறியது. மாநில ஆளுநருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு மாநிலத்தில் அமைச்சரவை முடிவெடுத்தால் ஆளுநர் பொதுவாக அதன்படி நடக்க வேண்டும். இங்கேயும் அமைச்சரவையின் ஆலோசனைப்படிதான் என்று சட்டம் தொடங்குகிறது, ஆனால் ஒரு ‘ஆனால்’ போடுகிறது. அமைச்சரவையோடு கருத்து வேறுபாடு வந்தால் விஷயத்தைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம். குடியரசுத் தலைவர் என்றால் நடைமுறையில் மத்திய உள்துறை அமைச்சகம். அங்கிருந்து பதில் வரும் வரை, அவசரம் என்று தோன்றினால் துணைநிலை ஆளுநர் தானே நடவடிக்கை எடுக்கலாம்.

ராஜ் நிவாஸும் முதல்வரும் ஒத்துப்போகும் காலத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒத்துப்போகாதபோது இந்த ஒரு பிரிவிலேயே அரசாங்கம் நின்றுவிடும். 2016-க்கும் 2021-க்கும் இடையில் அதைத்தான் பார்த்தோம். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி, முதல்வர் நாராயணசாமி. ரேஷனில் இலவச அரிசி கொடுப்பதா, அதற்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடுவதா என்பதிலேயே இருவரும் மோதினார்கள். அமைச்சரவை அரிசி என்றது, ராஜ் நிவாஸ் பணம் என்றது. கோப்பு டெல்லி போய், பணமே என்று திரும்பி வந்தது. 2019 பிப்ரவரியில் முதல்வரே கறுப்புச் சட்டையோடு ராஜ் நிவாஸ் வாசலில் தர்ணாவில் உட்கார்ந்தார். அந்த ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அன்றாட நிர்வாகத்தில் துணைநிலை ஆளுநர் தலையிட முடியாது என்றார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. யார் பக்கம் நியாயம் என்பது அவரவர் கட்சியைப் பொறுத்தது. இருவருமே சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சண்டை போட்டார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

நியமன எம்.எல்.ஏ.க்கள் விஷயம் இன்னும் சுவாரஸ்யம். மூன்று பேர்தானே, என்ன ஆகிவிடும் என்று தோன்றும். 2017-ல் புதுச்சேரி அரசைக் கேட்காமலேயே மத்திய அரசு மூன்று பேரை நியமித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை, அவர்களுக்கு ஓட்டுரிமையும் உண்டு என்று 2018 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. 2021 பிப்ரவரியில் ஆளுங்கட்சிக் கூட்டணியில் சிலர் ராஜினாமா செய்ய, அவையில் மிஞ்சியது 26 பேர். அரசின் பக்கம் சபாநாயகரோடு சேர்த்து 12. எதிர்க்கட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 11. அந்தப் பதினொன்றோடு நியமனம் மூன்றைக் கூட்டினால் 14. பிப்ரவரி 22-ல் நாராயணசாமி ராஜினாமா செய்தார். பேப்பரும் பென்சிலும் எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், இந்த ஊரின் அரசியல் சட்டம் முழுக்க அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

அப்புறம் பணம். பட்ஜெட்டைப் பேரவையில் வைப்பதற்கு முன்பே டெல்லியின் ஒப்புதல் வேண்டும். அது வரத் தாமதமானால் மார்ச்சில் இடைக்காலச் செலவுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, முழு பட்ஜெட்டைச் சில மாதம் கழித்துப் போடுவார்கள். மத்திய வரி வருவாயை மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக் குழுவின் கணக்கில் புதுச்சேரி வராது, ஏனென்றால் அது மாநிலம் இல்லை. உள்துறை அமைச்சகம் கொடுக்கும் மானியம்தான். அதே நேரம் 2007 டிசம்பரிலிருந்து தனிக் கணக்கு வைத்து, கடன் வாங்கி, வட்டி கட்ட வேண்டியதும் புதுச்சேரிதான். செலவென்று வரும்போது மாநிலம், பங்கென்று வரும்போது யூனியன் பிரதேசம் என்பது இங்குள்ள அரசியல்வாதிகள் எல்லோரும் கட்சி பேதமில்லாமல் பாடும் பாட்டு. அந்தப் பாட்டில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சேரவும் மாட்டோம், இப்படியே இருக்கவும் மாட்டோம்

‘பேசுவது தமிழ், சுற்றிலும் தமிழ்நாடு, பேசாமல் சேர்ந்துவிடலாமே’ என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஒரு முறை டெல்லியும் அப்படித்தான் நினைத்தது. 1979 ஜனவரியில், பிரதமர் மொரார்ஜி தேசாய் காலத்தில், புதுச்சேரியையும் காரைக்காலையும் தமிழ்நாட்டோடும் மாஹேயைக் கேரளத்தோடும் ஏனாமை ஆந்திராவோடும் சேர்க்கும் யோசனை கிளம்பியது. ஊர் கொந்தளித்துவிட்டது. கடையடைப்பு, ஊர்வலம், கலவரம், துப்பாக்கிச் சூடு வரை போனது. மத்திய அரசு யோசனையைக் கைவிட்டது. உடன்படிக்கையில் ‘மக்களின் விருப்பத்தை அறியாமல்’ என்று எழுதியிருந்த அந்த வரியை ஊரே தெருவுக்கு வந்து ஞாபகப்படுத்தியது.

காரணம் பிரெஞ்சு மோகம் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகையை வைத்தால் புதுச்சேரியில் சுமார் 41,600 பேருக்கு ஒரு எம்.எல்.ஏ. தமிழ்நாட்டில் சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம் பேருக்கு ஒருவர். இங்கே எம்.எல்.ஏ.வைக் காலையில் அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்துவிடலாம், கல்யாணத்துக்கும் சாவுக்கும் வருவார். அரசு வேலையிலும் மருத்துவக் கல்லூரி இடங்களிலும் உள்ளூர்க்காரருக்குத் தனிப் பங்கு. வரியும் பல பொருட்களுக்குக் குறைவாக இருந்து வந்திருக்கிறது. சேர்ந்துவிட்டால் புதுச்சேரி ஏதோ ஒரு மாவட்டத் தலைநகராகிவிடும், காரைக்கால் அதுவும் ஆகாது. மாஹேயும் ஏனாமும் கேட்கவே வேண்டாம், தனி எம்.எல்.ஏ. வைத்திருக்கும் மரியாதை போய்விடும்.

சேரக் கூடாது, ஆனால் டெல்லியின் பிடியும் தளர வேண்டும். அதற்குத்தான் மாநில அந்தஸ்துக் கோரிக்கை. ஆட்சிக்கு யார் வந்தாலும் பேரவையில் இதற்குத் தீர்மானம் போடுவார்கள், பல முறை போட்டாகிவிட்டது. இந்த அளவு ஊர் தன் வருமானத்தில் தானே நிற்குமா, நான்கு துண்டுகளும் மாநிலம் என்றால் ஒட்டிக்கொண்டே இருக்குமா என்பவை நியாயமான கேள்விகள். கோவாவால் முடிந்ததே என்று ஒரு பக்கம் சொல்வார்கள். கோவா ஒரே துண்டு, அதோடு இரும்புத்தாது என்று மறுபக்கம் சொல்வார்கள்.

மேரியின் கதை

டெல்லியோடு நடக்கும் இந்த இழுபறியைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது கீழே இருப்பது. அன்றைய கொம்யூன்களின் வாரிசாக இன்று 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் இருக்கின்றன. ‘கொம்யூன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லே அரசாங்கப் பெயர்ப்பலகையில் அப்படியே இருக்கிறது. ஆனால் தேர்தல்? இந்தியாவோடு சேர்ந்த பிறகு 1968-ல் பழைய பிரெஞ்சு முறைப்படி ஒரு முறை நடந்தது. அப்போது வந்த மன்றங்கள் 1978-ல் முடிந்தன. அடுத்தது 2006-ல். நடுவில் 38 வருடம். 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதி அறிவித்து, இட ஒதுக்கீட்டுப் பிரச்சினையில் நீதிமன்றம் போய் நின்றுபோனது. டெல்லி தங்களுக்கு அதிகாரம் தரவில்லை என்று குறைபடும் கட்சிகள், தங்கள் கையில் இருக்கும் அதிகாரத்தை வார்டு வரை இறக்கிவிட இவ்வளவு தயங்குவதற்கு என்ன பேர் வைப்பது?

கடற்கரைச் சாலையிலிருந்த பழைய மேரிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் பழைய அச்சிலேயே அழகாகத் திரும்பக் கட்டிவிட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் புதுச்சேரித் தமிழர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பிரான்சின் அதிபரைத் தேர்ந்தெடுக்க இங்கேயே வாக்குச்சாவடியில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வாக்குச்சாவடிக்கு எதிர்த்தெருவில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது என்று கேட்டுப் பாருங்கள். கவுன்சிலர் இல்லை, நகராட்சி ஆணையரிடம்தான் மனு கொடுக்க வேண்டும்.